வீடியோவா, அட்டையா, சின்னக் குழுவா: முதலாம் வருட வகுப்புக்கு எதை எடுப்பது?

அடுத்த செமஸ்டரில் முதலாம் வருட புள்ளிவிபரவியல் வகுப்பில் ஏதாவது ஒன்றை மாற்றியே ஆக வேண்டும் என்று எங்கள் பிரிவில் முடிவாகிவிட்டது. எதை மாற்றுவது என்பதில்தான் இழுபறி. புதிதாகச் சேர்ந்த தம்பி, விரிவுரைகளை வீடியோவாக எடுத்து முன்கூட்டியே கொடுத்துவிடலாம் என்கிறார். ஓய்வுபெற இரண்டு வருடம் மீதியிருக்கும் சேர், பழையபடி பத்துப் பத்துப் பேராகப் பிரித்து டியூட்டோரியல் வைத்தால் எல்லாம் சரிவரும் என்கிறார். நான் கேட்டது, பிள்ளைகள் விடையைத் தூக்கிக் காட்டும் அட்டைகள் வெட்ட, நாலு நிறத்தில் பிரிஸ்டல் போர்டும் ஒரு கத்தரிக்கோலும். "மொண்டிசூரி நடத்தப் போறீங்களா மிஸ்?" என்று சேர் கேட்க, மேசையைச் சுற்றிச் சிரிப்பு. நானும் சிரித்தேன். கடைசி ஹட்டன் பஸ் போய்விடும் என்பதால் முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவிட்டோம்.

தள்ளிவைத்ததில் கிடைத்த இரண்டு வாரத்தில், இருக்கிற ஆய்வுகளையும் எங்கள் வகுப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பேராதனையிலோ பதுளையிலோ பத்தனையிலோ படிப்பிக்கிறவர்கள் இதே கேள்வியோடு உட்கார்ந்திருக்கக்கூடும் என்பதால் எழுதி வைக்கிறேன்.

வகுப்பைப் பற்றி முதலில். எண்பது சொச்சம் பிள்ளைகள். உயர்தரம் வரை தமிழிலோ சிங்களத்திலோ படித்தவர்கள்தான் அதிகம். இங்கே வந்ததும் எல்லாம் ஆங்கிலம். முதல் மாதத்தில் திரையில் வருகிற ஒவ்வொரு சொல்லையும் கொப்பியில் இறக்குவார்கள். அவர்கள் எழுதுவதைப் பார்த்தால் பாடம் நன்றாகப் போகிறது என்றுதான் தோன்றும். இடைத்தேர்வில் தெரியும் சங்கதி. சூத்திரம் சரியாக இருக்கும், விடை சரியாக இருக்கும், "இந்த எண் என்ன சொல்கிறது?" என்ற கடைசி வரிக்கு எதிரே வெள்ளையாக இடம் இருக்கும்.

நாங்கள் பேசிக்கொண்டே போவதால்தான் இது என்று சொல்ல ஆய்வு தேவையா என்று கேட்கலாம். தேவைதான், ஏனென்றால் பேசிக்கொண்டே போவதை யாரும் விடுவதாக இல்லை. 2014இல் ஸ்கொட் ஃப்ரீமனும் அவரோடு சேர்ந்தவர்களும் விஞ்ஞானம், பொறியியல், கணித வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்தார்கள். வெறும் விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் 33.8 வீதமானவர்கள் தவறினார்கள். மாணவரை இடையிடையே யோசிக்க, பேச, செய்ய வைத்த வகுப்புகளில் 21.8 வீதம். அதற்கு நாலு வருடம் கழித்து, மர்லின் ஸ்டெயின்ஸ் குழு வட அமெரிக்காவின் 25 நிறுவனங்களில் 2,000க்கும் மேற்பட்ட வகுப்புகளுக்குள் போய் உட்கார்ந்து பார்த்தது. 55 வீதமான வகுப்புகளில் நேரத்தில் ஐந்தில் நாலு பங்கோ அதற்கு மேலோ விரிவுரையில்தான் போனது. அங்கேயே அப்படி என்றால் நாங்கள் வெட்கப்பட அதிகமில்லை.

ஆக, எது நல்லது என்பது பாதிக் கேள்விதான். எது எங்கள் கையில் தங்கும் என்பது மீதிப் பாதி. இதற்கு வேறு ஒரு ஆய்வு வரிசை இருக்கிறது. அது வகுப்பறையில் தொடங்கியதல்ல, சோளக் காட்டில் தொடங்கியது.

1943இல் ரயன், குரொஸ் என்ற இருவர், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கலப்பினச் சோள விதை எப்படிப் பரவியது என்று 259 விவசாயிகளைக் கேட்டு எழுதினார்கள். விதையைப் பற்றி முதலில் சொன்னது பெரும்பாலும் விற்பனைக்காரர். ஆனால் நம்பி விதைக்க வைத்தது பக்கத்துக் காணிக்காரர். அநேகமானோர் எடுத்தவுடன் முழுக் காணியிலும் போடவில்லை. ஒரு மூலையில் கொஞ்சம் போட்டுப் பார்த்து, அடுத்த வருடம் கொஞ்சம் கூட்டினார்கள். கடைசியில் இரண்டே பேரைத் தவிர எல்லோரும் மாறினார்கள், ஆனால் அதற்குப் பத்து வருடத்துக்கு மேல் போனது. இந்த வழியில் வந்தவர்தான் எவரெட் ரோஜர்ஸ். புதுமைகள் பரவுவது பற்றிய அவருடைய நூல் 1962இல் வந்தது. அவரே அயோவா விவசாயி வீட்டுப் பிள்ளை. அப்பா புது இயந்திரம் என்றால் ஓடிப்போய் வாங்குவாராம், புது விதை என்றால் மட்டும் மாட்டேன் என்பாராம். 1936 வரட்சியில் பக்கத்துக் காணியில் கலப்பினச் சோளம் நிமிர்ந்து நிற்க, அவருடையது வாடி விழுந்த பிறகுதான் மாறினார்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் மலைதான் ஞாபகம் வந்தது. தலவாக்கலை சென் கூம்ஸில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் 1925இல் தொடங்கியது. ஒற்றை இலைத் துண்டிலிருந்து வளர்க்கும் வீ.பி. தேயிலை, பழைய விதைத் தேயிலையை விடக் கூடக் கொழுந்து தரும் என்பது மலையில் யாருக்கும் தெரியாத ரகசியமல்ல. இன்னும் ஏன் சில மலைகளில் விதைத் தேயிலை நிற்கிறது? வீ.பி. போட வேண்டுமானால் பழைய செடியைப் பிடுங்க வேண்டும், மண் தேற ஒன்றரை இரண்டு வருடம் குவாத்தமாலா புல்லோ மானாப் புல்லோ போட வேண்டும், அப்புறம் கன்று வைத்து, அது பறிக்கிற பருவத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். அவ்வளவு காலமும் அந்த மலையிலிருந்து ஒரு கிலோ கொழுந்து வராது. அதனால் பல இடங்களில் செய்வது வேறு: பழைய செடிகளுக்கு நடுவே வெறுமையாகக் கிடக்கும் இடங்களில் மட்டும் புதுக் கன்றை நட்டு நிரப்புவது. மலை வருமானம் தந்துகொண்டே இருக்கும், செடியும் மெல்ல மாறும்.

எங்கள் மூன்று யோசனைகளையும் இந்தக் கண்ணோடு பார்த்தபோது கொஞ்சம் தெளிவு வந்தது.

வீடியோ

தம்பியின் வாதம் லேசானதல்ல. விரிவுரையை வீட்டில் பார்த்துவிட்டு வந்தால் வகுப்பு நேரம் முழுவதும் கணக்குச் செய்யலாம். விளங்காத இடத்தைத் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம், ஆங்கிலம் தடுமாறுகிற பிள்ளைக்கு அது பெரிய உதவி. மழைக்கு மண் சரிந்து வீதி மூடிய நாளில் வராதவர்களுக்கும் பாடம் தவறாது.

ஆனால் நான் இதை ஒருமுறை செய்து கெட்டவள். கொரோனா காலத்தில் 14 வீடியோ எடுத்தேன், ஒவ்வொன்றும் 40 நிமிடம். இரவு பன்னிரண்டுக்கு மேல், வீட்டுக்காரர் தூங்கிய பிறகு, குசினி மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு. பல்கலைக்கழகங்களின் லேர்ன் வலையமைப்பு வழியாக நேரடி வகுப்புக்கு டேட்டா செலவில்லாமல் போக வழி செய்திருந்தார்கள். எனது வீடியோக்கள் அதற்கு வெளியே கிடந்தன, டேட்டா வெட்டியது. அது கூடப் பரவாயில்லை. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்திலிருந்து வந்த ஒரு பிள்ளை சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "மிஸ், லயத்துல சிக்னல் இல்ல. கோயிலுக்கு மேல பாறைக்குப் போனாதான் வரும். மழை வந்தா போனை மூடிக்கிட்டு இறங்கிருவேன். உங்க வீடியோ ரெண்டாவதுல பாதில நிக்கிது." அந்தப் பாறையில் குந்திக்கொண்டு எண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவான திட்டவிலகலைப் பற்றி நான் 40 நிமிடம் பேசுவதைக் கேட்க எந்தப் பிள்ளைக்குத்தான் முடியும்?

பிறகு படித்தேன். பிலிப் குவோவும் கூட்டாளிகளும் 2014இல் எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தில் 69 இலட்சம் தடவை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை ஆராய்ந்திருக்கிறார்கள். எவ்வளவு நீளமான வீடியோ என்றாலும் பார்வையாளரின் கவனம் 6 நிமிட அளவில் நின்றுவிடுகிறது. 40 நிமிடம் என்பது என் குற்றம், பாறையின் குற்றமல்ல.

இதைவிட முக்கியமானது, 2015இல் வந்த இன்னொரு ஆய்வு. அமெரிக்காவின் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் ஜென்சனும் கூட்டாளிகளும் உயிரியல் வகுப்பை இரண்டு விதமாக நடத்தினார்கள். ஒன்றில் புதிய விஷயத்தைப் பிள்ளைகள் வீட்டில் கற்று வந்தார்கள், மற்றதில் வகுப்பிலேயே கற்றார்கள். இரண்டிலும் மாணவரைச் செய்ய வைக்கும் அதே முறைதான். பெறுபேற்றில் வித்தியாசம் தெரியவில்லை. அதாவது வீடியோ முறையில் கிடைப்பதாக நாங்கள் நினைக்கிற பலன், வகுப்பில் பிள்ளைகள் செய்கிற வேலையிலிருந்துதான் வருகிறது போலிருக்கிறது. வீடியோ அதற்கு நேரம் ஒதுக்கித் தருகிற ஒரு வழி, அவ்வளவுதான். அந்த நேரத்தை வேறு வழியில் எடுக்க முடிந்தால் நடு இரவில் பதிவு செய்யத் தேவையில்லை.

தேயிலைக் கணக்கில் சொன்னால் வீடியோ என்பது மலையையே பிடுங்கி வீ.பி. போடுவது. முழுப் பாடத்துக்கும் எடுத்து முடித்தால்தான் பலன் தெரியும், அதுவரை உழைப்பு மட்டும்.

சின்னக் குழு

சேருடைய யோசனையில் எனக்கு மரியாதை உண்டு. பத்துப் பேர் உட்காருகிற அறையில் யாரும் ஒளிய முடியாது. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1969இல் மருத்துவ மாணவருக்குப் பிரச்சினையை முன்வைத்துக் குழுவாகப் படிக்கும் முறையைத் தொடங்கி, அது உலகமெல்லாம் பரவியது. ஒரு மாணவருக்கு ஒரு ஆசிரியர் என்று தனியாகக் கற்பிப்பதன் பலனைப் பற்றி 1984இல் புளூம் சொன்ன பெரிய எண், இரண்டு திட்டவிலகல், பின்னாளில் குறைந்து வந்தது. 2011இல் வான்லென் திரட்டிப் பார்த்தபோது 0.79தான். அதுவும் சின்ன எண்ணல்ல.

இங்கே தடை ஆள்தான். எண்பது சொச்சம் பிள்ளைகளைப் பத்துப் பேராகப் பிரித்தால் வாரத்துக்கு எட்டோ ஒன்பதோ அமர்வு. அதை நடத்தப்போவது போன வருடம் பட்டம் பெற்ற தற்காலிக ஆட்கள். அவர்கள் அடுத்த வருடம் இருக்கமாட்டார்கள், வேறு வேலை கிடைத்தால் செமஸ்டரின் நடுவிலேயே போய்விடுவார்கள். அவர்கள் மேல் பிழை சொல்லவில்லை, நானும் அப்படித்தான் இருந்தேன். பயிற்சி இல்லாமல் அனுப்பினால் டியூட்டோரியல் என்ன ஆகும் என்றும் பார்த்திருக்கிறேன்: கணக்குத் தாளைக் கையில் எடுத்து, முதலாம் கணக்கிலிருந்து பலகையில் செய்துகாட்டுவது, பத்துப் பேரும் எழுதுவது. அது சின்ன அறையில் நடக்கிற விரிவுரை. ஆசிரியர் பயிலுநர்களைப் படிப்பிக்கிற இடம், ஆய்வுகூடம் உள்ள பாடம் என்றால் நான் சேரின் பக்கம்தான். எங்கள் வகுப்புக்கு இந்த வருடம் சரிவராது.

வாராவாரம் ஒரு குட்டிப் பரீட்சை வைத்தால் போதாதா என்றும் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நல்ல யோசனை. திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட ஞாபகத்திலிருந்து எடுத்து எழுதிப் பார்த்தால் ஒரு வாரம் கழித்தும் நிற்கும் என்று ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் காட்டினார்கள். அதை எந்த முறையோடும் ஒட்டலாம், செலவில்லை. தனியாகப் போட்டி போடவேண்டியதில்லை.

அட்டை

இனி என் அட்டை. ஹார்வர்டில் பௌதிகம் படிப்பித்த எரிக் மஸூர் 1991இல் தொடங்கிய முறை இது. கொஞ்ச நேரம் விளக்குவது, பிறகு கணக்குப் போடத் தேவையில்லாத, ஆனால் கருத்து விளங்கினால் மட்டுமே விடை வருகிற ஒரு கேள்வி. ஒவ்வொருவரும் தனியாக யோசித்து விடையைக் காட்டுவது. ஏறத்தாழ 30க்கும் 70க்கும் இடைப்பட்ட வீதமானோர் சரியாக இருந்தால், பக்கத்தில் இருப்பவரோடு பேசிவிட்டுத் திரும்பக் காட்டுவது. அப்புறம் விளக்கம். அதைவிடக் குறைவு என்றால் திரும்ப விளக்க வேண்டும், கூட என்றால் அடுத்ததற்குப் போகலாம்.

இதற்கு மேல்நாட்டில் கையில் அழுத்தும் கருவி கொடுப்பார்கள், போனில் கஹூட் என்ற வினாடி வினாச் செயலி போலவும் செய்யலாம். 2008இல் நத்தானியல் லாஸ்ரி கனடாவில் ஒரு கல்லூரியில் கருவியையும் காகித அட்டையையும் ஒப்பிட்டார். கருத்து விளங்குவதில் வித்தியாசமில்லை. இதைப் படித்த அன்று எனக்கிருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஏனென்றால் எங்கள் மண்டபத்தில் மல்டிமீடியா பாதி நாள் மக்கர் பண்ணும். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் போன காலத்தை யாரும் மறக்கவில்லை. அட்டைக்குக் கரண்ட் வேண்டாம், டேட்டா வேண்டாம். தகரக் கூரையில் மழை கொட்டும்போது என் குரல் மூன்றாம் வரிசையைத் தாண்டாது. அட்டை கடைசி வரிசையிலிருந்தும் தெரியும்.

போன வருடம் யாரிடமும் சொல்லாமல் ஒரு மணி நேரம் மட்டும் செய்து பார்த்தேன். கேள்வி இது: ஒரு தோட்டத்தின் டிவிஷனில் 10 பேர் கொழுந்து பறித்தார்கள், சராசரி 18 கிலோ. 18 கிலோவுக்கு மேல் எடுத்தவர்கள் எத்தனை பேர்? சிவப்பு என்றால் சரியாக 5 பேர். மஞ்சள் என்றால் குறைந்தது 5 பேர். பச்சை என்றால் ஒரே ஒருவராகவும் இருக்கலாம், 9 பேராகவும் இருக்கலாம். நீலம் என்றால் 10 பேருமாக இருக்கலாம். அட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்கச் சொன்னேன், தலைக்கு மேல் தூக்கினால் பின்வரிசை முன்வரிசையைப் பார்த்து மாற்றிவிடும்.

மண்டபம் சிவந்து போனது. பச்சை அங்கொன்று இங்கொன்று. விதிப்படி பார்த்தால் நான் திரும்ப விளக்கியிருக்க வேண்டும், அதற்கு எனக்கு ஆங்கிலத்தில் புதிதாகச் சொல்ல எதுவும் இருக்கவில்லை. "வேறு நிறம் காட்டியவரைத் தேடிப் பேசுங்கள்" என்று மட்டும் சொன்னேன். ஒரு நிமிடம் யாரும் அசையவில்லை. அப்புறம் இரைச்சல். இரண்டாம் வரிசையில் ஒரு பிள்ளை, முதல் செமஸ்டர் முழுவதும் வாய் திறக்காதவள், பக்கத்திலிருந்தவளிடம் விரலை மடக்கி மடக்கிச் சொன்னது கேட்டது:

"ஒன்பது பேர் பதினாறு பதினாறு எடுக்குறாங்கனு வையி. ஒருத்தி மட்டும் முப்பத்தாறு. கூட்டு. நூத்தி எண்பது. ஆவரேஜ் பதினெட்டுதானே? பதினெட்டு கேட்டாங்கனா ஒன்பது பேருக்கும் அரைப்பேர்தான்டி விழும்!"

கேட்ட அளவு கிலோ வராவிட்டால் அன்றைக்கு அரைநாள் சம்பளம், அதுதான் அரைப்பேர். பக்கத்தில் இருந்த கண்டி டவுன் பிள்ளைக்கு அது என்னவென்று தெரியவில்லை, அவளுக்கு இவள் விளக்கினாள். முன்னால் இருந்த சிங்களப் பையன் திரும்பி என்ன சொல்கிறார்கள் என்று கேட்க, பாதி சிங்களம் பாதி ஆங்கிலத்தில் அவனுக்கும் போனது. இரண்டாம் தடவை அட்டை தூக்கியபோது பச்சைதான் கூட. சராசரி ஒரு பெரிய எண்ணால் இழுபடும் என்பதை நான் மூன்று வருடமாக ஆங்கிலத்தில் ஸ்லைட் போட்டுச் சொல்லி வந்தேன். அரைப்பேர் என்ற ஒரு சொல் செய்த வேலையை அந்த ஸ்லைட் செய்யவில்லை.

எங்கள் மலையில் இந்த முறைக்குள்ள தனிப் பலம் இதுதான் என்று நினைக்கிறேன், ஹார்வர்டில் இதற்குத் தேவை இருந்திருக்காது. விரிவுரை ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்பது எங்கள் பாடநெறியின் விதி, பக்கத்திலிருப்பவளோடு எந்த மொழியில் பேசவேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. பரீட்சை ஆங்கிலத்தில்தான் வரும் என்பதால் கடைசி மூன்று நிமிடம் "ஏன் பச்சை?" என்பதை ஒரே வாக்கியமாக ஆங்கிலத்தில் எழுத வைக்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால் விளங்கியது விளங்கியபடி தமிழிலேயே நின்றுவிடும்.

தெரிந்தவன் சொல்ல மற்றவன் தலையாட்டுவதுதானே இது என்று சேர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். மிஷெல் ஸ்மித்தும் கூட்டாளிகளும் 2009இல் இதைத்தான் சோதித்தார்கள். பேசிய பிறகு அதே கருத்தில் இன்னொரு கேள்வியைக் கொடுத்துத் தனியாக விடையெழுத வைத்தார்கள். முதலில் குழுவில் யாருக்குமே சரியான விடை தெரியாதிருந்த இடங்களிலும் முன்னேற்றம் இருந்தது. அதற்கும் முன்னால், 1998இல், ரிச்சர்ட் ஹேக் 62 பௌதிகப் பாடநெறிகளில் 6,542 மாணவரின் பெறுபேற்றைத் திரட்டினார். வகுப்புக்கு முன் தெரியாதிருந்ததில் எவ்வளவு பங்கைக் கற்றார்கள் என்று பார்த்தால் பழைய முறையில் 0.23, மாணவரை ஈடுபடுத்திய முறையில் 0.48.

அட்டையில் குறை இல்லாமலில்லை. நல்ல கேள்வி எழுதுவது பெரும் பாடு, அந்தக் கொழுந்துக் கேள்விக்கு எனக்கு மூன்று இரவு போனது. பாடத்திட்டம் முழுவதும் ஓடாது, எதையாவது விட வேண்டும், அல்லது முன்கூட்டி வாசித்துவரச் சொல்ல வேண்டும். ஆங்கில நூலின் 20 பக்கத்தை வாசித்துவரச் சொல்வதும் வாசிக்காதே என்பதும் இங்கே ஒன்றுதான், எனவே தமிழ், சிங்களச் சொல் பக்கத்தில் போட்ட ஒற்றைத் தாள் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். நிறம் பிரித்தறிய முடியாத பிள்ளைகள் இருப்பார்கள், அட்டையில் எழுத்தும் பெரிதாக இருக்க வேண்டும். 300 பேர் மண்டபத்தில் இது நடக்குமா என்று கேட்டால், அட்டை எண்ணவே முடியாது, அங்கே போன்தான்.

இன்னொன்று இருக்கிறது, இதைத்தான் பலர் சொல்வதில்லை: பிள்ளைகளுக்கே இது பிடிக்காமல் போகலாம். 2019இல் ஹார்வர்டில் டெலோரியேயும் கூட்டாளிகளும் பௌதிக மாணவரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் திறமான விரிவுரையும் மறு பாதிக்குத் தாங்களே செய்து பார்க்கும் வகுப்பும் கொடுத்து, பிறகு மாற்றிப் போட்டார்கள். செய்து பார்த்தவர்கள் கூடக் கற்றார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள். தடுமாறி விளங்குவது விளங்காதது போலவே இருக்கும் அல்லவா? செமஸ்டர் முடிவில் பிள்ளைகள் நிரப்பும் மதிப்பீட்டுப் படிவத்தில் "மிஸ் படிப்பிக்கவில்லை, எங்களையே படிக்க விட்டார்" என்று வந்தால், நிரந்தரமாகாத ஒருவருக்கு அது சின்ன விஷயமல்ல. முதல் வகுப்பிலேயே இந்த ஆய்வைச் சொல்லிவிட்டால் கொஞ்சம் தாங்கும்.

எது தங்கும்

சார்ள்ஸ் ஹெண்டர்சனும் கூட்டாளிகளும் 2012இல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்காவின் 722 பௌதிக விரிவுரையாளரைக் கேட்டார்கள். புதிய முறைகளைப் பற்றித் தெரியாதவர்கள் கொஞ்சப் பேர்தான். சிக்கல் வேறு இடத்தில்: செய்து பார்த்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் கைவிட்டுவிட்டார். அதற்கு முந்திய வருடம் அவரே இன்னும் இருவரோடு சேர்ந்து 191 கட்டுரைகளைத் திரட்டியிருந்தார். நல்ல முறை இது என்று தயாரித்துக் கையில் கொடுப்பதும், மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை விடுவதும் பலன் தரவில்லை என்று அதில் வந்தது. குறைந்தது ஒரு செமஸ்டராவது கூடவே நின்று, ஆசிரியரின் நம்பிக்கைகளோடு மல்லுக்கட்டிய முயற்சிகள்தான் நின்றன. எத்தனை ஒருநாள் செயலமர்வுக்குப் போய், சோற்றுப் பார்சலும் சான்றிதழும் வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தேன். அலுமாரியில் ஒரு கோப்பு நிறைய இருக்கிறது.

எனவே என் தெரிவு அட்டை. ஆனால் முழுப் பாடத்துக்கும் அல்ல. வெறுமையான இடத்தில் கன்று நடுவது போல, ஒவ்வொரு இரண்டு மணி நேர விரிவுரையிலும் பிள்ளைகள் தூங்கிவழிகிற நடுப்பகுதி இருக்கிறதே, அந்த 15 நிமிடத்தில் ஒரு கேள்வி. சரிவரவில்லை என்றால் அடுத்த வாரம் பழைய விரிவுரைக்கே திரும்பலாம், எதுவும் கெட்டுப்போகாது. சரிவந்தால் இரண்டு, மூன்று என்று கூட்ட வேண்டும். கூட்டாமல் விட்டால் பலன் போதாது. பின்தங்கிய பின்னணியிலிருந்து வரும் பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும் உள்ள இடைவெளி பற்றி 2020இல் தியோபால்ட் குழு அமெரிக்க வகுப்புகளைத் திரட்டிப் பார்த்தபோது, பரீட்சைப் புள்ளியில் அந்த இடைவெளி மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் வகுப்பு நேரத்தில் பெரும்பகுதியை இப்படிச் செலவிட்ட இடங்களில்தான் குறைந்தது. எங்கள் லயத்துப் பிள்ளைகளுக்கு அந்த எண் அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். 15 நிமிடத்தோடு திருப்திப்பட்டு நிற்கக் கூடாது என்பதற்கு அது போதும்.

தம்பியின் வீடியோவை ஒதுக்கிவிடவில்லை. பிள்ளைகள் அதிகம் தடுமாறும் நாலைந்து இடங்களுக்கு மட்டும் 5 நிமிடத்தில் ஒவ்வொன்று, வட்ஸ்அப்பில் போகக்கூடிய அளவில். பாறைக்கு ஏறினால் ஒரே தடவையில் இறக்கிக்கொண்டு வந்துவிடலாம். அவரை என் வகுப்பில் பின்வரிசையில் வந்து உட்காரவும் கேட்டிருக்கிறேன், நான் அவருடைய வகுப்புக்குப் போவேன். பக்கத்துக் காணிக்காரர் இல்லாமல் விதை மாறாது.

சேர்தான் எதிர்பாராதது செய்தார். போன வெள்ளி ஸ்டாஃப் ரூமில் ஒரு துண்டுத் தாளை என் முன்னால் வைத்தார். "அட்டைக்கு ஒரு கேள்வி எழுதினேன், பாருங்க மிஸ்." நுவரெலியாவில் ஏழு நாள் விடாமல் மழை. எட்டாம் நாள் வெயில் அடிப்பதற்கான வாய்ப்பு கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா? நாணயம் சுண்டுவது போலத்தான், அப்படியே இருக்கும் என்றார் தம்பி. மழை நாணயமில்லை, இன்றைக்குப் பெய்தால் நாளைக்கும் பெய்யும் வாய்ப்புக் கூட, ஆகவே குறையும் என்றார் சேர். எந்த மாதம் என்று சொல்லாமல் எப்படிச் சொல்வது என்று நான் கேட்டேன். தம்பி எழுந்து பலகையில் எதையோ வரைய, சேர் அதை அழித்துவிட்டு வேறொன்றை வரைய, தேத்தண்ணி ஆறிப்போனது. இருவரும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. கேள்வியை நாலாம் வாரத்துக்குப் போட்டிருக்கிறோம்.